அவசரம் இருந்தால் உப்பு

எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘தப்பு கண்டுபிடிக்கிற அம்மா’ என்றால்தான் சட்டென்று வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் முன் என் கைக்கு வந்துவிடும். ரயிலடிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் ‘மீண் குழம்பு ரெடி’ என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த ‘ண்’ போகும்வரை இலையில் உட்கார மாட்டேன் என்று வாசலிலேயே நின்றிருக்கிறேன். கடைக்காரர் சாக்பீஸ் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு துண்டு மீனை முடித்திருந்தார்.

இதையெல்லாம் போன ஆடி மாதம் வரைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிழைப்பும் இதுதான். பல வருடம் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய் வந்தேன். திருத்தணியிலிருந்து காலை ரயிலில் ஏறினால் அரக்கோணம் தாண்டும் முன்பே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஒரு நாள் போதும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை. சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு இணையதளத்துக்கும் நோட்டீஸுக்கும் பாக்கெட்டுக்கும் வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். அவர்களே எழுதியிருந்தால் திருத்திக் கொடுப்பேன். கூட்டாளி ஒருத்தி உண்டு. திருநெல்வேலிக்காரி, ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒரே கோப்பை அவள் அங்கே திறந்துவைத்துக்கொள்வாள், நான் இங்கே திறந்துவைத்துக்கொள்வேன். நான் எழுதுவது சிவப்பிலும் அவள் எழுதுவது நீலத்திலும் தெரியும். ஓரத்தில் குறிப்பும் எழுதலாம்.

வசதி இருந்து என்ன? பெயருக்குத்தான் கூட்டு வேலை. எல்லாவற்றையும் நானே எழுதி, நானே திருத்தி, கடைசியில் “ஒரு பார்வை பாத்துடு” என்று அவளிடம் தள்ளிவிடுவேன். அவள் ஓரத்தில் எழுதுகிற குறிப்புகளில் பாதியைப் படிக்காமலே மூடிவிடுவேன். நான் பார்த்த பிறகும் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான், வேறென்ன?

அப்படி இருந்தபோதுதான், ஆனி முடியப்போகிற சமயம், ஒரு பெண்மணி கட்டைப்பையோடு பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். பெசரட்டு மாவு செய்து விற்கிறவர். பச்சைப்பயறில் வார்க்கிற தோசைதான் பெசரட்டு. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எங்களுக்கெல்லாம் காலையில் வயிற்றை நிரப்புவது. இவர் பயறை வறுத்து, அரைத்து, பொடியாகப் பாக்கெட்டில் அடைக்கிறார். தண்ணீர் கலந்து கல்லில் ஊற்றினால் போதும். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, ஒரு அரவை மெஷின், ஐந்து பெண்கள். “உங்க கடை எங்கே இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

“கடை இல்லிங்க, கம்பெனி” என்றார்.

சொல்லைத் திருத்துகிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும்.

பிரச்சினை பாக்கெட்டின் பின்பக்கம். அங்கே இருக்கிற எழுத்தெல்லாம் அவரே எழுதியது. சென்னையில் ஒரு பெரிய கடை அவருடைய மாவை வாங்கி வைத்திருந்தது. அந்தக் கடை மேனேஜர் இப்போது, எழுத்தை மாற்றாமல் அடுத்த லோடு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். அதோடு போகவில்லை. பாக்கெட்டில் போட்டிருந்த வாடிக்கையாளர் நம்பர் அவருடைய சொந்த செல்போன் நம்பர்.

“உப்பு போடலாமாம்மா, வேணாமாம்மானு கேக்கறாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள சிரிக்கறாங்க. பின்னாடி இன்னும் ரெண்டு பேரு சிரிக்கற சத்தம் வேற கேக்குது. என்னாத்துக்கு சிரிக்கறாங்கனே தெரியலிங்க.”

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் இரண்டு முறை நடுங்கி அடங்கியது. அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியாத நம்பர்னா இப்போ எடுக்கறதே இல்லிங்க. நல்லா இருக்குதுனு சொல்றதுக்குக் கூப்பிடறவங்களாக்கூட இருக்கும். ஆனா எடுக்கறதுக்கு கை வர்ல.”

எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர், ஆசை ஆசையாய்த் தன் கையால் எழுதியிருக்கிறார். அதற்காக ஒருவர் போனைக் கண்டு பயப்பட வேண்டுமா? பாக்கெட்டை வாங்கிப் படித்தேன்.

‘நன்றாக வருத்து அறைத்த பச்சைப்பயறு மாவு. தேவையான அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கவும். பத்து நிமிஷம் ஊற விடவும். அவசரம் இருந்தால் உப்பு சேர்க்கலாம். கல்லு காயாமல் ஊற்றி ஒட்டிக்கொண்டால் மாவு மேல் கோபப்படாதீர்கள், தப்பு கல்லு மேல்தான். மீதி மாவை டப்பாவில் போட்டு வையுங்கள், அவசரத்துக்கு இருக்கட்டும்.’

முதல் வரியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வறுத்து என்பதற்கு வருத்து. அரைத்த என்பதற்கு அறைத்த. “பயறை வருத்தப்படுத்தி, கன்னத்தில அறையும் அறைஞ்சிருக்கீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டு, இரண்டு எழுத்தையும் வட்டமிட்டுக் காட்டினேன். அவரும் சிரித்துவிட்டார்.

“இதுக்குத்தான் சிரிச்சாங்களா?”

“இதுக்கேதான்” என்றேன், தீர்ப்புச் சொல்கிற குரலில்.

அப்புறம் அந்தப் பாக்கெட்டை நான் படுத்திய பாடு இருக்கிறதே! ‘பாரம்பரியச் சுவையும் ஊட்டச்சத்தும் நிறைந்த எமது தரமான தயாரிப்பு’ என்று ஆரம்பித்தேன். கல்லின்மேல் தப்பு என்ற வரியை வெட்டி எறிந்தேன். கம்பெனி எழுத்தில் கோபத்துக்கு என்ன வேலை? டப்பாவில் போட்டு வைக்கிற வரியும் போனது. உப்பு வரியில் மட்டும் கொஞ்சம் நேரம் நின்றேன். உப்பு சேர்க்கலாமா, உப்புச் சேர்க்கலாமா? நடுவில் ‘ச்’ வருமா, வராதா? போட்டேன், எடுத்தேன், இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன், திரும்பவும் போட்டேன். முழுசாகக் கால் மணி நேரம். கடைசியில் ‘அவசரமிருப்பின் உப்புச் சேர்க்கலாம்’ என்று முடித்தபோது என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாத குறை.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்து வாசித்தார். இரண்டு முறை வாசித்தார்.

“சுத்தமா இருக்குதுங்க. பெருக்கி மெழுகின மாரி” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “ஆனா யாரோ வூட்டு பாக்கெட்டாட்டம் இருக்குதுங்க. என் பேச்சு ஒண்ணும் இல்லியே.”

கோபம் எனக்கு மூக்கின்மேல்தான் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், கணினியில் திருநெல்வேலிக்காரியின் நீலக் குறிப்பு காத்திருந்தது: ‘கல்லு மேல தப்புன்னு ஒரு வரி இருந்துச்சே, அதை ஏன்க்கா வெட்டுனீங்க? அந்த ஒரு வரிக்காகவே நான் வாங்குவேன்.’

போனில் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். “அந்த அம்மாவையும் கோப்புல சேத்துருங்கக்கா. மூணு பேருமா எழுதுவோம்.”

“வைத்தியம் பண்றப்போ ஊசிய நோயாளி கையிலயா குடுப்பாங்க?” என்று எகிறினேன்.

“பல்லு புடுங்கும்போது எந்தப் பல்லுன்னு நோயாளிதானேக்கா சொல்லணும்?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

பாக்கெட் அச்சடிக்கிறவர் கேட்டிருந்த நாள், சரியாக ஆடிக் கிருத்திகையன்று வந்து விழுந்தது. அன்றைக்குப் பிற்பகலுக்குள் எழுத்து அவர் கைக்குப் போகாவிட்டால் அடுத்த லோடு பழைய பாக்கெட்டில்தான் போக வேண்டும். போனால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். காலையிலேயே வந்து, கடைசியாக ஒரு முறை பார்த்துச் சரி சொல்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்குமா? மலை முழுக்க மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. எங்கள் வாசற்படியில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிய ஒரு குடும்பமே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“மேடம், பஸ்ஸ ஊருக்கு வெளியவே திருப்பி வுட்டுட்டாங்க. நடந்து வந்துகினே இருக்கேன், கூட்டத்துல ஒரு அடி நகர முடியல. ஒரு டீக்கடையில ஒதுங்கி நிக்கறேன்.”

வேறு வழி? ஊசியை நோயாளி கையில் கொடுத்தேன். அவர் போனுக்குக் கோப்பை அனுப்பி, எங்கே தொட்டால் எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பச்சைக் கோடு வந்து நின்று துடித்தது. அது நகரவே இல்லை. பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது உப்பு வரிக்குப் பக்கத்தில் நீலக் குறிப்பு ஒன்று முளைத்தது. வழக்கம்போல மூடிவிடப் போனேன். ஆனால் அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! மரியாதைக்காகப் படித்தேன்.

‘எனக்கு ஒண்ணு வெளங்கலக்கா. அவசரமா இருந்தா எதுக்கு உப்பு போடணும்? நிதானமா சமைக்கவ உப்பில்லாம திங்கணுமா?’

எனக்கும் அவள் கேள்வி விளங்கவில்லை. ‘அவசரம் இருந்தால்தானே சேர்க்க வேண்டும்? இல்லாவிட்டால் எதற்கு?’ என்று சிவப்பில் எழுதினேன். முதல்முறையாகப் பச்சை நகர்ந்தது: ‘ஆமாங்க. அவசரம் இல்லன்னா உப்பு வேணாம்.’

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த நிமிடம் திருநெல்வேலியிலிருந்து போன். பேச முடியாமல் சிரிக்கிறாள்.

“ஏக்கா, ரெண்டு பேரும் என்ன பேசுதீக? உங்க ஊர்ல அவசரம்னா என்ன?”

“அவசரம்னா... வேணும்னா. தேவைனா” என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே என் காதில் அது விழுந்துவிட்டது. அவசரம் என்றால் தேவை. ஆமாம், தெலுங்கில்! நான் பிறந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. அந்த அம்மா வீட்டிலும் அதுதான். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் ஒரு அவசரம், வாசலுக்கு வெளியே ஒரு அவசரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு புழங்குகிறோம். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரிவதில்லை. சென்னையில் யாரோ ஒருவர் அடுப்படியில் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லையே, உப்புப் போடலாமா என்று யோசித்திருக்கிறார். அதற்குத்தான் போன். அதற்குத்தான் சிரிப்பு. நான் அந்த வாக்கியத்தில் கால் மணி நேரம் குடியிருந்து, ஒரு ‘ச்’சைக் கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறேன்!

வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரிய திருத்தக்காரி! கூடத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கும்பகோணத்துக்காரர். கேட்டுவிட்டுப் பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார்.

“கல்யாணம் ஆன புதுசுல, சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ ‘இன்னும் சோறு அவசரமா’ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? அவசரம் இல்ல, மெதுவா போடுன்னு சொல்ல வாயெடுத்தேன். அவசரம் இல்லன்னதுமே பாத்திரத்தை மூடி உள்ள எடுத்துக்கிட்டுப் போயிட்ட. இந்த வீட்டு வழக்கம் போலருக்குன்னு அரை வயித்தோட எழுந்துட்டேன். அந்தக் கேசுக்கு இன்னிக்குத்தான் தீர்ப்பு வருதா?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். முதலில் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அந்தப் போன் பண்ணவங்க சிரிச்சது உங்க எழுத்துப் பிழைக்காக இல்லைங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ணு” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அரோகரா சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

“மேடம், உங்களுக்குமா தெரியல?”

“எனக்குமே தெரியலைங்க.”

“அப்பாடா” என்றார் அவர்.

அந்த அப்பாடாவுக்குப் பிறகு பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. டீக்கடையில் நின்றுகொண்டே எழுதித் தள்ளினார். நான் வைத்திருந்த ‘பாரம்பரியச் சுவை’யைப் பச்சை அழித்தது, நான் தடுக்கவில்லை. ‘ராத்திரி பயறு ஊற வைக்க மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை, நாங்கள் முந்தாநாளே வறுத்து அரைத்துவிட்டோம்’ என்று எழுதினார். ற, ர எல்லாவற்றையும் நான் பின்னாலேயே போய்ச் சரிசெய்துகொண்டு வந்தேன். கல்லின்மேல் தப்பு திரும்ப வந்தது. நீலம் ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டது: தேவையான அளவு தண்ணீர் என்றால் எவ்வளவு, முதன்முதலாகச் செய்கிறவளுக்கு எப்படித் தெரியும்? பச்சை, ‘ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர்’ என்றது. இவ்வளவு நாள் அது பாக்கெட்டில் இல்லை என்பதே எனக்கு உறைத்திருக்கவில்லை. உப்பு வரி ‘உப்பு நாங்கள் போட்டிருக்கிறோம். போதாவிட்டால் நீங்களும் கொஞ்சம் போடுங்கள்’ என்று ஆனது. அது யார் எழுதியது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று நிறமும் கலந்து கிடந்தது.

டப்பா வரியை மட்டும் அந்த அம்மாவே கேட்டார். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்-னு போட்டா திரும்ப சிரிப்பாங்களா?’

நான் யோசித்தேன். தேவைக்கு இருக்கட்டும் என்று தெலுங்குக்காரி படிப்பாள். திடீரென்று யாராவது வந்துவிட்டால் ஆகும் என்று தமிழ்க்காரி படிப்பாள். நீலம் முந்திக்கொண்டது: ‘எங்க அம்மை பக்கத்து வீட்டுக்குக் குழம்பு குடுக்கும்போதும் இதையேதான் சொல்லுவா. அப்படியே இருக்கட்டும்க்கா.’ ஒற்றுக்கூட மாற்றாமல் விட்டேன்.

இரண்டரை மணிக்கு அச்சுக்காரருக்கு அனுப்பினோம். வாசலில் இருந்த மொட்டைக் குடும்பம் எழுந்து போகும்போது எங்களுக்கும் கொஞ்சம் தயிர்சாதம் வைத்துவிட்டுப் போயிருந்தது. உப்பு சரியாக இருந்தது.

ஆவணி பிறந்து ஒரு பகலில் அந்த அம்மா புதுப் பாக்கெட்டுகளோடு வந்தார். லோடு போய்விட்டது, கடையில் அடுக்கியும் விட்டார்கள் என்றார். பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லையே என்று கேட்டார். “திருநெல்வேலிக்குக் காட்டிட்டுச் சொல்றேன்” என்றேன். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.

மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போன் நடுங்கியது. அவர் அதைத் திருப்பினார். தெரியாத நம்பர். என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை நடுங்கவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஆங், சொல்லுங்க.”

ஒரு பெண் குரல். பின்னால் தோசைக்கல் சுர்ரென்றது. “பெசரட்டு மாவு கம்பெனிங்களா? பாக்கெட் பின்னாடி, கல்லு மேலதான் தப்புன்னு இருக்கே...” என்று சொல்லும்போதே அந்தக் குரல் சிரித்துவிட்டது. பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவின் விரல் சிவப்புப் பொத்தான் பக்கம் போவதைப் பார்த்தேன்.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேங்க. இதை எழுதுனது யாரு?”

விரல் அங்கேயே நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு பரவ, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாங்கதாங்க எழுதினோம்.”